ஓடை போன வழி

"நம்ம பள்ளிக்கூடத்துக் கூரை மேல விழுற மழை கடைசியில எங்க போய்ச் சேருது?"

ஒன்பதாம் வகுப்பில் நான் இப்படிக் கேட்டது ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. நீர்ச் சுழற்சியைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிற பிள்ளைகள் அவர்கள். அம்புக்குறி போட்டு, மேகத்துக்கு நீல வண்ணம் தீட்டி, அழகாக வரைவார்கள். என் கேள்விக்கு மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "கடலுக்குப் போகும் டீச்சர்" என்றது ஒரு குரல். "தரைக்குள்ள இறங்கிரும்" என்றது இன்னொன்று. கடைசி பெஞ்சில் இருந்த கொத்தனார் மகன் எழுந்து, "நம்ம வகுப்புக்குள்ளதான் டீச்சர் வரும்" என்றான்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான், வந்த பதில்களிலேயே கண்ணால் பார்த்துச் சொன்ன பதில் அது ஒன்றுதான் என்று உறைத்தது.

எங்கள் பள்ளி கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், பெரிய சாலையை விட்டு மேற்கே தள்ளி இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் பின்பக்கத்து இரண்டு வகுப்பறைகளில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிடும். பெஞ்சுகளை வராந்தாவுக்குத் தூக்கி வந்து அங்கே பாடம் நடத்துவோம். பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஓர் ஓடை கிடக்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் முள்ளும் பாலிதீன் பையுமாகக் காய்ந்திருக்கும். அந்த ஓடை பொங்கித்தான் வகுப்புக்குள் தண்ணீர் வருகிறது என்று தலைமையாசிரியரிலிருந்து சத்துணவுக்கூடத்து அக்கா வரை எல்லோரும் சொல்வோம். அந்த ஓடை எங்கிருந்து வருகிறது என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை.

பார்த்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதில் ஒரு சிக்கல் இருந்தது. எனக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. வலது காலில் இடுப்பு வரைக்கும் காலிபர் என்கிற இரும்புத் தாங்கி போட்டிருக்கிறேன். பக்கத்தில் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் எங்கே வேண்டுமானாலும் போவேன். சொந்த ஊரான அல்லிநகரத்துக்குக்கூட அதிலேயே போய்விட்டு வந்திருக்கிறேன். ஆனால் கல்லும் மணலுமாகக் கிடக்கிற ஓடைத் தடத்தில் என்னால் நடக்க முடியாது.

மறுநாள் பிள்ளைகளிடம் சொன்னேன். "ஓடையைப் பிடிச்சு மேல போகப் போறது நீங்க. நான் வரலை. நீங்க வந்து சொல்றதை வச்சு இந்தப் போர்டுல படம் வரைவேன். நீங்க சொல்லாத எதையும் வரைய மாட்டேன். தப்பாச் சொன்னா படமும் தப்பாத்தான் வரும்."

தலைமையாசிரியர் வடுகபட்டிக்காரர். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் முதலில் பயப்படுவார். "அடுத்த வருசம் பத்தாப்பு எழுதப் போற பிள்ளைக டீச்சர். பாம்பு கீம்பு கடிச்சா யாரு பதில் சொல்றது?" என்றார். சனிக்கிழமை மட்டும், காட்டு எல்லைக்கு இந்தப் பக்கமே திரும்பிவிட வேண்டும், உடற்கல்வி ஆசிரியர் கூடப் போக வேண்டும் என்று நானே நிபந்தனைகளை அடுக்கினேன். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய வீடுகளுக்கு நேரில் போனேன். ஒரு வீட்டில், "அம்மாவும் கூடப் போகட்டும், அப்ப சரி" என்றார்கள். அதுவும் நல்லதுதான் என்றேன். உடற்கல்வி ஆசிரியர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. "காலையில ஆறு மணிக்குக் கிளம்பிட்டா வெயிலுக்கு முன்னாடி வந்துரலாம்" என்றதோடு சரி.

முதல் சனிக்கிழமை போய்வந்தவர்கள் திங்கட்கிழமை உற்சாகமாக வந்து உட்கார்ந்தார்கள். நான் சாக்பீஸை எடுத்தேன்.

"ஓடை எங்கிருந்து வருது?"

"மேல இருந்து டீச்சர்."

"மேலன்னா?"

"மலைப் பக்கம்."

"போகப் போக அகலமாச்சா, குறுகுச்சா?"

யாருக்கும் நினைவில்லை. "அடியில மணலா, கல்லா?" என்றேன். மணல் என்றான் ஒருவன், கல் என்றாள் ஒருத்தி. பள்ளியின் பின்சுவரிலிருந்து மேற்கே ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்து நிறுத்தினேன். "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அவர்களுக்கு முகம் தொங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை கயிறு கொண்டு போனார்கள். அகலத்தை அளந்து முடிச்சுப் போட்டு வந்தார்கள். ஓடைக்கு அடியில் கிடந்த மணலையும் கல்லையும் பைகளில் எடுத்து, எங்கே எடுத்தது என்று வெளியே எழுதி ஒட்டியிருந்தார்கள். மேலே போகப் போகக் கல் பெரிதாகவும் முனை கூராகவும் இருந்தது. கீழே வர வர உருண்டு சிறுத்திருந்தது. ஏன் என்று நான் சொல்லவில்லை. இரண்டு கற்களை மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். "உருண்டு உருண்டு வரும்போது மொத்திக்கிருது டீச்சர்" என்றாள் முன் பெஞ்சில் ஒருத்தி. அதைவிடச் சுருக்கமாக எனக்கே சொல்லத் தெரியாது.

அதற்கடுத்த வாரம் மலையடிவாரம் வரை போய்விட்டார்கள். அங்கே ஒரு பாறை மேடு. அதற்கு இந்தப் பக்கம் நம் ஓடை. அந்தப் பக்கம் வேறு ஓர் ஓடை. மேட்டின் உச்சியில் நின்று ஒருத்தி தன் பாட்டில் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள்.

"பாதி இங்கிட்டு வந்துச்சு, பாதி அங்கிட்டுப் போயிருச்சு டீச்சர்! ஒரே பாட்டில் தண்ணி!"

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். பல வருஷமாக நீர்ப்பிடிப்புப் பகுதி என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டு, விளக்கம் எழுத வைத்திருக்கிறேன். ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிற மழையெல்லாம் ஒரே வழியாக வெளியேறும், அந்த நிலம் முழுவதும் ஒரு நீர்ப்பிடிப்பு. அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை; எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

உடனே ஒருவன் கை தூக்கினான். "அப்ப ஆத்துல வர்ற தண்ணி? அது மலைக்கு அங்கிட்டு விழுந்த மழைன்னு எங்கப்பா சொல்லுவாரு. அது எப்படி டீச்சர் இம்புட்டுப் பெரிய மேட்டைத் தாண்டி வந்துச்சு?"

"தாண்டலை. மலையைக் குடைஞ்சு கொண்டுவந்திருக்காங்க" என்றேன். இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் நெல் விளைகிறது என்றால் அந்தக் குடைவினால்தான். தினமும் ஆற்றைத் தாண்டி வருகிற பிள்ளைகள், அது பக்கத்து நீர்ப்பிடிப்பிலிருந்து வருகிற தண்ணீர் என்று அன்றைக்குத்தான் புரிந்துகொண்டார்கள். நம் பக்கத்து மலையில் விழுகிற மழை வர இருக்கிற வழி இந்த ஓடைதான் என்பதும் அப்போது புரிந்தது.

படத்தில் ஓர் இடம் மட்டும் சேரவில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிற ஓடை, பள்ளிக்கு மேற்கே ஒரு திராட்சைத் தோட்டத்தின் வேலியோடு நின்றுவிடுகிறது. தோட்டத்துக்குள் சமமான நிலம், பந்தல், கொடி. தோட்டம் முடிந்து வண்டிப்பாதையைத் தாண்டினால் பள்ளிக்குப் பின்னால் மறுபடியும் ஓடை தொடங்குகிறது. நடுவில் என்ன ஆனது?

"மேவிட்டாக டீச்சர்" என்றான் ஒருவன், மண்ணடித்து மூடிவிட்டார்கள் என்ற பொருளில். "அந்தத் தோட்டத்தாலதான் தண்ணி வழி தெரியாம நம்ம வகுப்புக்குள்ள வருது."

ஆமாம் ஆமாம் என்று பல குரல்கள். பாட்டில் தண்ணீரை ஊற்றிய பெண் இரண்டாவது பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சத்தம் அடங்கியதும் எழுந்தாள்.

"அது எங்க தோட்டம் டீச்சர். எங்க அத்தாதான் மண்ணடிச்சாக."

அவள் உட்காரவில்லை. "ஆனா அதுனாலதான் இங்கன தண்ணி வருதுன்னு யாரும் அளக்கலையே" என்றாள். "அளந்து பாப்போம் டீச்சர்."

பேச்சு சாயங்காலத்துக்குள் ஊருக்குள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து, தொப்பியோடு அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா, பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் அறையில் எனக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"எங்க தோட்டத்தால பள்ளிக்கூடம் முங்குதுன்னு பிள்ளைக பேசிக்கிட்டுத் திரியுதுக. யாரு டீச்சர் சொன்னது?"

"இன்னும் யாரும் சொல்லலை" என்றேன். "பிள்ளைகளுக்குச் சந்தேகம். சந்தேகத்தை அளந்துதான் பாக்கணும். உங்க வேலியோரத்துல அளக்கறதுக்கு நீங்க விடணும்."

தலைமையாசிரியர் கண்ணாலேயே என்னை நிறுத்தப் பார்த்தார்.

"அளந்து, எங்க மேல தப்பில்லைன்னா?"

"தப்பில்லைன்னு அதே பிள்ளைக உங்க வாசல்ல வந்து சொல்லும்."

"தப்பிருந்தா?"

"அதையும் வந்து சொல்லும்."

அவர் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தார். "வீட்டுல எம் மகளும் இதையேதான் சொல்லுது. சரி, அளங்க. கொடியில மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் தலைமையாசிரியர், "நமக்கெதுக்கு டீச்சர் ஊர் வம்பு?" என்றார். அளக்காமல் விட்டால்தான் வம்பு என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். ஆனால் ஒரு பெண் பிள்ளை தன் வீட்டு மேல் விழுந்த பழியைப் பற்றி எழுந்து நின்று அளப்போம் என்று சொன்ன பிறகு, அவளுடைய டீச்சர் வேண்டாம் என்று சொன்னால் அறிவியல் என்று எதை நடத்துவது?

கொத்தனார் மகன் தன் அப்பா வேலைக்குக் கொண்டுபோகிற மட்டக் குழாயை வாங்கி வந்தான். உள்ளே தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையையும் எங்கே பிடித்தாலும் உள்ளே தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று கண்டுபிடித்துவிடலாம். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் அளவு தப்பாகும் என்பதை முதல் நாள் முழுக்கத் தப்பாக அளந்து கற்றுக்கொண்டார்கள். மறுபடி அளந்தார்கள். வேலியோரம் வரை ஸ்கூட்டர் போகும் என்பதால் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். ஆவணிக் காற்று குழாயைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது.

முடிவு நாங்கள் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது. தோட்டத்துக்கும் பள்ளிக்கும் நடுவில் இருக்கிற வண்டிப்பாதை, தோட்டத்து ஓரத்தைவிட ஒரு முழத்துக்கு மேல் உயரம். தோட்டத்திலிருந்து தண்ணீர் அதில் ஏறிப் பள்ளிக்கு வர வழியே இல்லை. பிறகு பள்ளிக்குள்ளேயே அளந்தார்கள். முன்னால் புதிதாகப் போட்ட சிமெண்ட் சாலை பள்ளி வாசலைவிட உயரம். சாலைத் தண்ணீர் வாசல் வழியாக உள்ளே வருகிறது. மைதானம் பின்பக்கமாகச் சரிகிறது. பின்னால் சுற்றுச்சுவர் தண்ணீரை வெளியே விடாமல் தடுக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடை காலியாகக் கிடக்கிறது. அந்த ஓடையைத்தான் நாங்கள் இத்தனை காலமும் குற்றம் சொல்லியிருக்கிறோம்.

சொன்னபடி பிள்ளைகள் அந்த வீட்டு வாசலுக்குப் போனார்கள். மேவிட்டாக என்று முதலில் சொன்ன பையனே முன்னால் நின்று, "உங்க தோட்டத்தால பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி வரலை, நாங்க நினைச்சது தப்பு" என்று சொன்னான். எல்லோருக்கும் ஒரு தட்டு நிறையப் பன்னீர் திராட்சை கிடைத்தது. சுவரில் அடிமட்டத்தில் ஓட்டைகள் போட்டு, பாம்பு வராமல் கம்பிவலை அடிக்கத் தலைமையாசிரியர் சம்மதித்தார். "அப்பாடா, இதோட முடிஞ்சது" என்றார்.

முடியவில்லை. அந்தப் பெண் மறுநாள் இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், மலைத் தண்ணி எங்க தோட்டத்து வேலி வரைக்கும் வருது. பள்ளிக்கூடத்துக்கு வரலை. அப்ப எங்க போகுது?"

"நீயே சொல்லு, எங்க போகும்?"

"வேலி ஓரமா தெற்கே சரிவா இருக்கு. குழாய் வச்சுப் பாத்தேன்." தயங்கினாள். "அங்கன காலனித் தெரு இருக்கு."

இந்த இடத்தில் விட்டிருந்தால் யாரும் என்னை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளியின் பிரச்சினை தீர்ந்தது, தோட்டக்காரரோடு சமாதானம் ஆயிற்று, பாடமும் முடிந்தது. ஆனால் அவள் கேட்ட கேள்வி நான் ஆனி மாதம் கேட்ட கேள்வியைவிட நல்ல கேள்வி. "மழை வரட்டும், பாத்துருவோம்" என்றேன்.

ஐப்பசியில் மழை வந்தது. மதியம் மலை மறைந்து, காற்று நின்று, ஒரே அடியாகக் கொட்டியது. இடி ஓயும் வரை யாரையும் வெளியே விடவில்லை. பிறகு உடற்கல்வி ஆசிரியர் ஐந்தாறு பேரோடு குடை பிடித்துக் கிளம்பினார். நான் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு வண்டிப்பாதையில் ஸ்கூட்டரை ஓட்டிப் போனேன். தோட்டத்தின் மேற்கு வேலியை ஒட்டிய மோட்டார் அறையின் சாய்ப்புக்குக் கீழே அவளுடைய அத்தா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மழையில எதுக்கு டீச்சர் வந்தீக? வண்டி வழுக்கிரும்" என்று சொல்லி, வண்டியைப் பிடித்துச் சாய்ப்புக்குள் இழுத்து விட்டார்.

சற்று நேரத்தில் மலைத் தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில், சருகுகளைத் தள்ளிக்கொண்டு, வேலியில் வந்து முட்டியது. ஒரு நொடி தேங்கி நின்றது. பிறகு வேலியோரமாகத் தெற்கே திரும்பி ஓடியது. பிள்ளைகள் அதன் கூடவே நடந்தார்கள். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வந்தபோது முன்னால் வந்தவன் கொத்தனார் மகன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எங்க தெருதான் டீச்சர். எங்க வீட்டுக் கொல்லையில புகுந்து நடுவீட்டுக்குள்ள போகுது. வருசா வருசம் வரும். கட்டில் மேல அடுப்பை வச்சுத்தான் எங்கம்மா சமைக்கும்."

"ஏலே, இத்தனை நாளா சொல்லவே இல்லையே?" என்றார் உடற்கல்வி ஆசிரியர்.

"பள்ளிக்கூடத்துத் தண்ணியைப் பத்தித்தானே சார் கேட்டீக" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான்.

தோட்டக்காரர் அவனையே பார்த்தார். தன் தோளில் இருந்த துண்டை எடுத்து, "தலையைத் துவட்டுலே" என்று கொடுத்தார்.

இதை அப்படியே விட்டுவிடும்படி தலைமையாசிரியர் இந்த முறை கெஞ்சினார். தெருவுக்கும் தோட்டத்துக்கும் சண்டை மூண்டால் பள்ளிதான் காரணம் என்பார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் தெருவுக்கும் போகவில்லை, யாருக்கும் மனு எழுதவில்லை. பிள்ளைகள் செய்த வேலையைப் பெற்றோர் வந்து பார்ப்பது எந்தப் பள்ளியிலும் நடக்கிற காரியம்தானே. அவளுடைய அத்தாவையும் கொத்தனாரையும் ஒரே நாளில் வரச் சொன்னேன். தலைமையாசிரியரையும் வந்து உட்காரச் சொன்னேன். வேறு வழியில்லாமல் வந்தார்.

ஒரு பழைய தகரத் தட்டில் மணலைக் குவித்து மலை, மேடு, ஓடை, தோட்டம், பாதை, பள்ளி, தெரு எல்லாம் செய்திருந்தார்கள். அளந்த அளவுப்படியே செய்திருந்தார்கள். அந்தப் பெண் செம்பிலிருந்து மலை மேல் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் தோட்டத்தில் முட்டித் தெருவுக்குள் போனது. பிறகு தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் விரலால் ஒரு கோடு கீறினாள். பாதைக்கு அடியில் ஒரு பழைய பேனாவின் வெற்றுக் குழாயைச் செருகினாள். மறுபடி ஊற்றினாள். தண்ணீர் கோட்டு வழியே போய்ப் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற ஓடையில் விழுந்து, சுவர் ஓட்டைகளுக்குக் கீழாகவே ஓடியது. கொஞ்சம் தரையிலும் சிந்தியது.

"நான் வாங்கும்போதே பாதி மேவித்தான் கிடந்துச்சு" என்றார் அவளுடைய அத்தா, யாரையும் பார்க்காமல். "மீதியைத்தான் நான் சமப்படுத்துனேன். அங்கன ஓடை இருந்ததா யாரும் சொல்லலை."

"தெரியும் அத்தா" என்றாள் அவள். "யாரு செஞ்சதுன்னு நாங்க அளக்கலை. தண்ணி எங்க போகுதுன்னுதான் அளந்தோம்."

அவர் குனிந்து தட்டைப் பார்த்தார். "இந்த ஓரத்துல ஒரு வரிசைக் கொடி நிக்குது. கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, இப்பத்தான் நல்லாக் காய்க்குது. அதை எடுக்கணும்கிறீக."

"நாங்க எடுக்கச் சொல்லலை" என்றேன். "இது பிள்ளைக கண்டுபிடிச்சது. அதை உங்ககிட்டச் சொல்றோம்னு வாக்குக் குடுத்திருந்தோம்."

தெருவா தோட்டமா என்று கொத்தனார் சண்டைப் பேச்சு எடுத்துவிடக் கூடாதே என்று நினைத்தேன். அவர் தட்டுக்குப் பக்கத்தில் வந்து, "குழாய் போட்டா சருகு அடைக்கும். மேல திறந்த மாதிரி விட்டு, வண்டி போற எடத்துல மட்டும் பலகைக்கல் போடலாம்" என்றார் தோட்டக்காரரிடம். தோட்டக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. அந்தப் பெண்ணிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒளியியல் நடத்தினேன், அமிலம் நடத்தினேன். ராத்திரி படுத்தால் அந்த வீட்டில் அவளுக்கு என்ன பேச்சு விழுகிறதோ என்று நினைப்பேன். தப்பாக எதுவும் செய்துவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு தடவை அவள் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். "அத்தாவும் மகளும் தண்ணி, மட்டம்னுதான் பேசிக்கிர்றாக டீச்சர், சோறு இறங்க மாட்டேங்குது ரெண்டு பேருக்கும்" என்று சிரித்தார். சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்குத் தெம்பு வந்தது.

மாசியில் காய் வெட்டி முடிந்து, கொடியைக் கவாத்து செய்கிற நேரம். ஒரு காலையில் அவள் வகுப்புக்கு ஓடி வந்தாள்.

"டீச்சர், அத்தா ஓரத்து வரிசையை எடுக்கச் சொல்லிட்டாக. ஜேசிபி வருதாம். எந்த எடத்துல எம்புட்டு ஆழம் தோண்டணும்னு அளந்தவுகளே குறிச்சுக் குடுக்கணுமாம்."

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் பாதிப்பேர் தோட்டத்தில் இருந்தார்கள். மட்டக் குழாயின் ஒரு முனையைக் கொத்தனார் மகன் பிடித்தான், மறு முனையை அவள் பிடித்தாள். மற்றவர்கள் சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போட்டார்கள். ஆரம்பத்தில் ஜேசிபி ஓட்டுநர் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் அடிக்கொரு தரம் நிறுத்தி, "அண்ணே, இன்னும் நாலு விரக்கடை" என்று சொல்லச் சொல்லச் சிரிப்பை விட்டுவிட்டார். பாதை மேல் பலகைக்கல் போடுகிற வேலையைக் கொத்தனார் எடுத்துக்கொண்டார். பிடுங்கிப் போட்ட கொடிகள் வேலியோரம் குவிந்து கிடந்தன. தோட்டக்காரர் அந்தப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

சித்திரையில் கோடை மழை பெய்தபோது பள்ளி விடுமுறை. எனக்கு முதலில் போன் செய்தவர் தோட்டக்காரர். "தண்ணி ஓடைக்குப் போகுது டீச்சர்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அடுத்தது உடற்கல்வி ஆசிரியர். தெருவில் எல்லா வீடும் தப்பியது, கடைசி வீட்டுக் கொல்லையில் மட்டும் தண்ணீர் வந்துவிட்டது என்றார். கால்வாய் திரும்புகிற இடத்தில் கரை தாழ்வாக இருந்து வழிந்திருக்கிறது. அளக்கும்போது அந்தத் திருப்பத்தில் குழாய் மடங்கியிருக்கிறது; யாரும் கவனிக்கவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண்ணும் கொத்தனார் மகனும் அங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீதான் முனையைத் தாழ்த்திப் பிடிச்ச."

"நான் பிடிச்சது சரி. நடுவுல மடங்குனதை நீதான் பாக்கலை."

"ரெண்டு பேரும் பேசாம இருங்க" என்றேன் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி. "மறுபடி அளங்க. தப்பு எங்கேன்னு தெரிஞ்சா யாரு செஞ்சதுன்னு கேக்க வேண்டாம்."

அளந்தார்கள். இந்த முறை குழாயை நடுவில் பிடித்துக்கொள்ள ஒருவர் தேவைப்பட்டார். தோட்டக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிப் பிடித்தார். கடைசி வீட்டுக்காரம்மா கொல்லைப்புறத்தில் நின்று, "ஆத்தா, நல்லாப் பாத்து அளங்க. இனிமே எங்க வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா உங்க டீச்சர் வீட்டுலதான் வந்து குடியிருப்பேன்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். கரையை ஒரு சாண் உயர்த்த வேண்டும் என்று அளவு வந்தது. உடற்கல்வி ஆசிரியர் மண்வெட்டியைத் தேடி எடுத்து, சட்டையைக் கழற்றி மோட்டார் அறைக் கதவில் மாட்டிவிட்டு, வெட்டத் தொடங்கினார். பிள்ளைகள் சட்டிகளில் மண் அள்ளிப் போட்டார்கள். இருட்டுவதற்குள் கரை எழும்பிவிட்டது.